தை மாதத்தில் முக்கனிச் சீர்

கடலூர் முதுநகர்
மாசி மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் வெண்மதிக்கு அம்மா தில்லையம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் அவரவர் மாத்திரையை அவரவர் விழுங்கிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்று பெரியநாயகி அம்மனை வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டே பேசுகிறாய், நான் வாயைத் திறந்தால் சரிம்மா சரிம்மா என்று பாதியில் வைத்துவிடுகிறாய். இது பாதியில் வைக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் பரங்கிப்பேட்டை சுல்தானாவின் மகன் ஆசிக் லீவு முடிந்து மஸ்கட் திரும்புகிறான் என்று தெரிந்ததும் அவன் பெட்டியில் பலாச்சுளை பாட்டிலுக்கும் இந்தக் கடிதத்துக்கும் இடம் கேட்டு வாங்கினேன். அஞ்சாவது வரைக்கும் படித்த கை, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். உன் அண்ணி ரேகா, நீங்க சொல்லுங்க அத்தை, நான் எழுதித் தர்றேன் என்றாள். வேண்டாம் என்றேன். அவள் எழுதினால் உன் அத்தை ஞானாம்பாளைப் பற்றி நான் சொல்வதை எல்லாம் மழுப்பி எழுதிவிடுவாள்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நிதானமாகப் படி. உன் அத்தை மகள் மாலதி கல்யாணத்தில், சிதம்பரத்தில், அத்தனை சனம் பார்க்க, தை மாதத்தில், உன் அப்பா கொடுத்த மாமன் சீரில் மா பலா வாழை மூன்றும் இருந்தது. நான் சொன்னேன், வைத்துவிட்டேன். போட்டோ எல்லாம் ரேகா உனக்கு அனுப்பியிருப்பாள். ஆனால் போட்டோவில் வாசனை வராது, யார் முகம் எப்போது எப்படிப் போனது என்றும் தெரியாது. லீவு கிடைக்கவில்லை என்று நீ வராமல் போய்விட்டாய், அதனால் நான் எழுதியே ஆகவேண்டும்.

முந்தின வருஷம் நீ லீவில் வந்தபோது உன் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் லெபனான்காரம்மா சொல்லிக்கொடுத்தது என்று பலாச்சுளையைப் பாகில் போட்டு, பாட்டிலில் அடைத்து, தண்ணீரில் மூழ்க வைத்துக் கொதிக்கவிட்டாய். பாட்டில் எல்லாம் நீ ஆன்லைனில் வாங்கினது, விலையைக் கேட்டு எனக்கு ரெண்டு நாள் தூக்கம் போனது. அதில் ஒரு பெட்டி நிறைய, அத்தைக்கு ஆசையாகக் கொடுத்தனுப்பினாய். மூடியைத் திறக்காமல் அப்படியே வைங்க அத்தை, எப்ப வேணுமோ அப்பத் திறந்து சாப்பிடுங்க என்று நீ போனில் சொன்னது என் காதிலேயே விழுந்தது. அந்த மகராசி என்ன செய்தாள், மறந்துபோயிருப்பாய், நான் மறக்கவில்லை. ஊறுகாய் ஜாடியை வெயிலில் வைப்பதுபோல அத்தனை பாட்டிலையும் ஸ்குரூ டிரைவர் போட்டு நெம்பித் திறந்து, வாய்க்கு வெள்ளைத்துணி கட்டி, மொட்டை மாடியில் வரிசையாக வெயிலில் வைத்தாள். கிளறிக்கிளறி வேறு விட்டிருக்கிறாள். வெயில் காட்டாம வச்சா எந்தப் பண்டம் நிக்கும் என்றாளாம். நாலாம் நாள் நுரை தள்ளிவிட்டது. அதோடு விட்டாளா. உன் அண்ணன் அன்பரசு வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், பந்தியில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, எங்க தம்பி பொண்டாட்டி பலாப்பழம் போடலடி, கள்ளு எறக்குறா என்றாள். அன்றைக்கு அவள் கட்டியிருந்தது பாக்குக் கலரில் சாயம் போகிற சுங்குடி, இடது பக்கம் உட்கார்ந்து சிரித்தது அவள் ஓரகத்தி. அதிலிருந்து நம் சாதிசனத்தில் எனக்குக் கள்ளுக்கடை என்று பேர். கல்யாண வீட்டுக்குப் போனால், வாங்க கள்ளுக்கடை என்று சின்னப் பிள்ளைகள்கூடக் கூப்பிட்டுவிட்டு ஓடும்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். பாட்டிலைத் திருப்பி அனுப்பினாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. யூரியா சாக்கில் போட்டுக் கட்டி, கழுவாமல், பாதி உடைந்து, மூடி எல்லாம் கோணி, பஸ்ஸில் வந்த யாரிடமோ கொடுத்தனுப்பினாள். வெறும் பாட்டில், வெண்மதி. நம் பக்கத்தில் யாராவது அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தருவார்களா. மோருக்கு வாங்கின சொம்பாக இருந்தாலும் ஒரு கை சர்க்கரையோ, ஒன்றும் இல்லாவிட்டால் நாலு உப்புக்கல்லோ போட்டுத்தானே தருவோம். வெறுமையாகத் தந்தால் உனக்கும் எனக்கும் இனிமேல் ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம். உன் அப்பாவிடம் சாக்கைப் பிரித்துக் காட்டினேன். அக்கா தெரியாமப் பண்ணிடுச்சு தில்லை, வயசாயிடுச்சு என்றார். நீ பிறந்தபோது, பொட்டப் புள்ளையா, என் தம்பிக்கு இருக்குற சம்பளத்துக்கு என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சொன்னாள், அப்போது அவளுக்கு என்ன வயசு என்று கேட்டேன். பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்.

இப்படி இருக்கும்போதுதான் போன வைகாசியில் மாலதிக்கு நிச்சயம் ஆனது. மாலதி நல்ல பெண், அவள் மேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் கிடையாது. கடைக்குட்டி, பெரிய படிப்பு எல்லாம் படித்துவிட்டு இப்போதுதான் கழுத்தை நீட்டுகிறாள். உன் அப்பாதான் தாய்மாமன், சீர் எடுக்கவேண்டியது நாம். மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருக்கிறார்கள், தை மாதம் முகூர்த்தம் என்று பேசி முடித்தார்கள். ஞானாம்பாள் தாம்பூலத் தட்டை என் கையில் கொடுத்துக்கொண்டே, மாமன் சீருக்கு எல்லாம் வைப்பீங்க, கள்ளுக்குடம் மட்டும் வச்சிறாத தாயி என்றாள். சம்பந்தியம்மா தில்லியில் இருந்தவர்கள், என்ன ஏது என்று புரியாமல் எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அண்ணி, கேட்டுக்குங்க, தை மாசம் எங்க வீட்டுக்காரரு சீருல முக்கனியும் இருக்கும், மா, பலா, வாழை மூணும் இருக்கும், என் கையால போட்டதுதான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா இருமினார். சபையில் சொல்லியாகிவிட்டது. தை மாதத்தில் மாம்பழத்துக்கும் பலாப்பழத்துக்கும் எங்கே போவது. வைக்காவிட்டால் கள்ளுக்கடை என்ற பேர் சம்பந்தி வீடு வரைக்கும் போய்ச் செத்தாலும் போகாது, தாய்மாமன் என்று சபையில் நிற்கிற மனுசனுக்கும் தலைகுனிவு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் உன் அப்பா, பாட்டில் எங்க இருக்கு என்று கேட்டார்.

பாட்டில் இல்லை. உடைந்தது போக மிஞ்சினது பாப்பா சட்டிப்பானை விளையாடத்தான் ஆகும். ரேகா செல்லில் பார்த்து நீ வாங்கின அதே பாட்டிலைக் காட்டினாள். ஒரு பாட்டில் விலையில் பண்ருட்டியில் நல்ல பழமே ஒன்று வாங்கிவிடலாம். அந்த விலைக்கு வாங்கி சீர் செய்தால் அதைவிட ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கி வைத்துவிட்டுப் போகலாம். சரி என்று தேடக் கிளம்பினேன். சிதம்பரத்தில் ஒரு பாட்டில் கடையில் எல்லாம் பிளாஸ்டிக் மூடி, கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வளையல் மாதிரி நெளிந்துவிடும். பழைய சாமான் கடையில் கண்ணாடி பாட்டில் குவியலாகக் கிடந்தது, வாயில் எல்லாம் பல் பெயர்ந்தது மாதிரி சில்லு. கடைக்காரன் அதைக் கையில் தடவிக் காட்டி, ஆயா, இதெல்லாம் டேமேஜ் இல்ல, டிசைன் என்றான். ஒனக்குப் பல்லு விழுந்தாலும் டிசைன்னுதான் சொல்லுவியா என்று கேட்டுவிட்டு வந்தேன். பண்ருட்டியில் முந்திரிக்கொட்டைக்காரர்கள் எல்லாம் டப்பாவுக்கு மாறிவிட்டார்கள். நம் தெருவில் வீடு வீடாகக் கேட்டேன். எதிர்வீட்டுத் தமிழ்ச்செல்வி ஒரே ஒரு பாட்டிலைக் கொடுத்துவிட்டு எதற்கு ஏன் என்று அத்தனையும் கேட்டுக்கொண்டாள். அவள் ஞானாம்பாளோடு வாரத்துக்கு ஒருதரம் போனில் பேசுவாள் என்பது எனக்கு அப்போது நினைவில் இருந்தது, இருந்தும் சொன்னேன். சொன்னதைச் செய்கிறவள் யாருக்குப் பயப்படவேண்டும்.

அப்புறம்தான் சுல்தானா ஞாபகம் வந்தது. உன் அப்பாவோடு துறைமுகத்தில் வேலை பார்த்தாரே அப்துல் வதூது பாய், அவர் வீட்டம்மா. பரங்கிப்பேட்டையில் வெளிநாட்டுச் சம்பாத்தியம் இல்லாத வீடு ஏது. மூன்று பிள்ளைகளும் அங்கேதான், வரும்போதெல்லாம் ஜாம், ஆலிவ் காய், தேன் என்று கனத்த கண்ணாடி பாட்டிலாகத்தான் கொண்டுவருவார்கள். போய்க் கேட்டேன். சுல்தானா பரணைக் காட்டினாள். பார்த்தால் கடை வைக்கிற அளவுக்கு இருக்கிறது. தூக்கிப் போட மனசு வரலக்கா, எதுக்காச்சும் ஆகும்னு வச்சேன், எதுக்குன்னு இன்னிக்குத்தான் தெரியுது என்றாள். காசு என்று நான் வாயெடுத்ததும் கோபித்துக்கொண்டாள். என் புள்ளைங்க தின்னுபோட்ட பாட்டிலுக்கு ஒங்கிட்ட காசு வாங்கவா, எனக்குப் பலாச்சுளைல ரெண்டு பாட்டில் குடுத்துரு, நோம்பு தொறக்கக்குள்ள நாக்குல வச்சுக்குறேன் என்றாள். அதோடு பெருநாள் பிரியாணிக்கு வைத்திருந்த பெரிய தேக்சாவையும் ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். உன் லெபனான்காரம்மா சொன்ன பெரிய பாத்திரத்துக்கு அது தோதாக இருந்தது. அடியில் பாட்டில் நேராகப் பட்டால் வெடிக்கும் என்று நீ சொல்லியிருந்தாயே, அதற்கு நம் இட்லித் தட்டைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டேன். சுடு பாட்டிலை எடுக்க கிடுக்கி வாயில் உன் அப்பா பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கொடுத்தார். வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தவர், சுற்றி முடித்ததும் தானே ரெண்டு தரம் தூக்கிப் பார்த்துக்கொண்டார்.

மிச்சம் இருந்தது மூடிதான். பாட்டில் பழசாக இருந்தால் பரவாயில்லை, மூடி புதுசாக இருக்கணும், உள்பக்க ரப்பர் ஒரு தடவைதான் பிடிக்கும் என்று நீ தலைதலையாக அடித்துக்கொண்டது நினைவிருக்கிறது. பாண்டிச்சேரியில் தேன் வியாபாரிகளுக்கு மூடி மட்டும் விற்கிற கடை ஒன்றை ரேகா கண்டுபிடித்தாள். ஆனால் என்ன அளவு என்று கேட்டால் என்ன சொல்வது, பாட்டிலை எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டா போக முடியும். வளையல் பெட்டியைக் கவிழ்த்து ஒவ்வொரு பாட்டில் வாய்க்கும் சரியாக விழுகிற வளையலைப் பொறுக்கினேன். மூன்றே அளவில் எல்லா பாட்டிலும் அடங்கிவிட்டது. என் பச்சை வளையல், ரேகாவுடைய சிவப்பு, பாப்பா போன தடவை விட்டுப்போன சின்ன வளையல். கடையில் போய் மூன்று வளையலையும் மேசை மேல் வைத்தேன். கடைக்காரர், அம்மா வளையல் கடை பக்கத்துத் தெரு என்றார். மூடியை எடுத்து இதில் வைத்துப் பாருங்கள் என்றேன். மொத்தமாக எடுத்ததில் மூடி ஒன்று ஒரு டீ விலைகூட ஆகவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு நான் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்கவேண்டும்.

முதலில் மாம்பழம் போட்டேன், ஆறினதும் எல்லா மூடியும் டொக்கென்று உள்வாங்கி இறுகிக்கொண்டது. அப்புறம் ஆனிக் கடைசியில் பண்ருட்டிப் பழம் மூன்று வாங்கி அறுத்தோம். நீ சொன்ன அளவுக்கு எலுமிச்சை உப்பு, பலாவுக்குத் தானாகப் புளிப்பு கிடையாது, அது இல்லாமல் அடைத்தால் பாட்டிலுக்குள்ளேயே விஷமாகும் என்றாயே, அதை மட்டும் ரேகாவை விட்டு எடை போட்டுத்தான் போடச் சொன்னேன். எல்லாம் ஒழுங்காகச் செய்தோம். மறுநாள் காலையில் மூடியை அமுக்கினால் தவளை கத்துவது மாதிரி டிக் டிக் என்கிறது. ஒன்றுகூட உள்வாங்கவில்லை. கெட்டுப்போவதற்குள் தின்று தீர்க்கவேண்டும் என்று தெரு முழுக்கக் கொடுத்தேன். தமிழ்ச்செல்வி ஒரு கிண்ணம் நிறைய வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வாயைத் துடைக்கும் முன்பே சிதம்பரத்துக்குப் போன் போட்டுவிட்டாள். சாயங்காலமே ஞானாம்பாள் உன் அப்பாவைக் கூப்பிட்டாள். தம்பி, சீருக்கு ஆப்பிள் சொல்லி வச்சிரு, ஒன் பொண்டாட்டிய நம்பிக்கினு நிக்காத, இந்த வருசமும் கள்ளுதானாம் என்றாள். சத்தமாகத்தான் பேசுவாள், அடுப்படி வரைக்கும் கேட்டது. உன் அப்பா என்ன சொல்லப்போகிறார் என்று கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். அக்கா, சீரு என்னுது, என்னா வைக்கணும்னு என் பொண்டாட்டி சொல்லிட்டா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் அக்காவிடம் எதிர்த்துப் பேசின முதல் வார்த்தை அதுதான். அன்றைக்கு அவருக்குப் பிடித்த வாழைக்காய் வறுவல் செய்தேன்.

ஆனால் பலா ஏன் நிற்கவில்லை என்று தெரியவேண்டுமே. ரேகா இருக்கிறாளே, பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பழகினவள், சுற்றிச் சுற்றி வந்தாள். அதே தேக்சா, அதே மூடி, மாம்பழம் நின்னுச்சு, பலா நிக்கல, என்னா வித்தியாசம் அத்தை என்று கேட்டுக்கொண்டே காலி பாட்டில் ஒன்றின் வாயில் விரலை ஓட்டினாள். விரல் வழுக்கியது. எண்ணெய், வெண்மதி. பலாப்பால் பிசினுக்குக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டுதானே சுளை எடுப்போம், அந்தக் கையோடேயே பாட்டிலில் அடைத்திருக்கிறோம், வாயில் எல்லாம் எண்ணெய், மூடி எங்கே பிடிக்கும். அவள் சொன்ன உடனே எனக்கு நீ கண்ணில் வந்து நின்றாய். முந்தின வருஷம் தோளில் மஞ்சள் துண்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஓரம் கிழிந்த துண்டு, ஒவ்வொரு பாட்டிலுக்கும் அதைச் சுடுதண்ணீரில் முக்கிப் பிழிந்து வாயைத் துடைத்துத் துடைத்து மூடினாய். யாருக்கும் அது நினைவில்லை, நீயே மறந்திருப்பாய். எனக்கு அந்தத் துண்டின் கிழிசல் வரைக்கும் நினைவிருந்தது. பழசை எல்லாம் எதற்கு அம்மா மனசில் வைத்திருக்கிறாய் என்று எத்தனை தடவை என்னிடம் சலித்துக்கொண்டிருக்கிறாய், இதற்கு என்ன சொல்கிறாய்.

ஆடி பிறந்துவிட்டது, பழம் ஓய்கிற நேரம். நானும் ரேகாவும் விடியற்காலை பஸ் பிடித்துப் பண்ருட்டி போய் மண்டி மண்டியாக ஏறி இறங்கினோம். கடைசி லோடில் நல்ல பழமாக நாலு தேறியது. இந்தத் தடவை அறுக்கிறவள் வேறு, அடைக்கிறவள் வேறு. நான் எண்ணெய்க் கையோடு சுளை எடுத்தேன், ரேகா சோப்புப் போட்டுக் கழுவின கையோடு அடைத்து, வினிகர் தொட்ட துணியால் வாயைத் துடைத்து மூடினாள். பதினெட்டாம் பெருக்குக்கு என் அண்ணன் வீட்டில் கூப்பிட்டிருந்தும் போகவில்லை. தேக்சாவில் இருந்து எடுத்துத் துண்டு மேல் வரிசையாக வைத்தோம். உன் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் டொக் என்று ஒன்று. அப்புறம் ஒன்று. ஒவ்வொரு டொக்குக்கும் உன் அப்பா ஒரு விரலை மடக்கினார், விரல் தீர்ந்து திரும்பவும் முதலில் இருந்து மடக்கினார். ரேகா என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள். தலைப்பொங்கலுக்கு வந்தபோது என் சாம்பாரில் உப்பு கம்மி என்று சொன்னவள்தான், அதையும் நான் மறக்கவில்லை, ஆனால் அதை அன்றோடு தள்ளுபடி செய்துவிட்டேன். ஐப்பசி மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றபோது துணிமணியைக்கூட அப்புறம்தான் எடுத்தோம், முதலில் பாட்டிலைத்தான் கட்டில் மேல் ஏற்றினோம்.

இனிமேல் கல்யாணம். மண்டப வாசலில் மேளத்தோடு சீர்த் தட்டு இறங்குகிறது. புடவை, நகை, வெற்றிலை பாக்கு, தேங்காய் எல்லாம் போனபிறகு கடைசியில் மூன்று தட்டு. ஒன்றில் வாழைப்பழச் சீப்பு, ஒன்றில் மாம்பழ பாட்டில், ஒன்றில் பலாச்சுளை பாட்டில். பாட்டில் கழுத்தில் எல்லாம் ரேகா மஞ்சள் கயிறு கட்டிவிட்டிருந்தாள். விளக்கு வெளிச்சத்தில் சுளை ஒவ்வொன்றும் தங்கமாகத் தெரிந்தது. ஞானாம்பாள் வந்தாள். அரக்குப் பட்டு, அதற்குப் பொருந்தாத பச்சை ரவிக்கை. ஒரு பாட்டிலை எடுத்து ஆட்டிப் பார்த்தாள், தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள், வெளிச்சத்தில் பிடித்து நுரை இருக்கிறதா என்று பார்த்தாள். இத எத்தினி நாளு வெயில்ல வச்ச என்று கேட்டாள். ஒரு நாளும் வெக்கில அண்ணி என்றேன். அப்ப சபையில தொறக்காத, மாப்ள வீட்டுக்காரவுங்க இருக்காவுங்க என்று காதோடு சொன்னாள். அதற்குள் தில்லிச் சம்பந்தியம்மா ஆசையாகப் பக்கத்தில் வந்து, தை மாசத்தில் பலாவா, எங்கே காட்டுங்கள் என்றார்கள். நான் பாட்டிலை ஞானாம்பாள் கையிலேயே விட்டுவிட்டு, நீங்களே தொறங்க அண்ணி, வீட்டுக்குப் பெரியவுங்க என்றேன்.

திருகினாள், வரவில்லை. முந்தானையைப் போட்டுத் திருகினாள், வரவில்லை. சமையல் கான்டிராக்ட் எடுத்திருந்த ஆரோக்கியராஜ் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றவர், குடுங்கம்மா என்று வாங்கிக் கரண்டிக் காம்பை மூடி ஓரத்தில் கொடுத்து லேசாக நெம்பினார். புஸ் என்று காற்று உள்ளே இழுத்த சத்தம் மேளத்தையும் மீறிக் கேட்டது. அப்புறம் அந்த வாசனை. வெண்மதி, ஆனி மாதத்துப் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டே அந்த மண்டபத்துக்குள் வந்துவிட்டது. பிள்ளைகள் எல்லாம் எங்கிருந்தோ ஓடிவந்தன. சம்பந்தியம்மா ஒரு சுளையை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள், திறக்கும்போது கண் கலங்கியிருந்தது, எங்கள் தாத்தா வீட்டில் சாப்பிட்டது என்று மட்டும் சொன்னார்கள். எல்லாரும் ஞானாம்பாளைப் பார்க்கிறார்கள். அவளும் ஒன்றை எடுத்தாள். மென்றாள். விழுங்கினாள். இனிப்பு கொஞ்சம் ஜாஸ்தி என்றாள். சொல்லிக்கொண்டே இரண்டாவது சுளையை எடுத்தாள். அந்தக் கை இரண்டாம் தடவை பாட்டிலுக்குள் போனதை நான் பார்த்தேன், அவள் ஓரகத்தி பார்த்தாள், உன் அப்பாவும் பார்த்தார். ஆரோக்கியராஜ் மிச்சத்தில் சில பாட்டிலை வாங்கிப் பந்தியில் பலாப் பாயசமாகவே போட்டுவிட்டார், அடுத்த வருஷம் தன் கல்யாண ஆர்டருக்கெல்லாம் போட்டுத் தர முடியுமா என்று ரேகாவிடம் நம்பர் வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது சின்னப் பிள்ளை ஒன்று பழக்க தோஷத்தில் கள்ளுக்கடை ஆயா என்று கூப்பிட்டது. ஞானாம்பாள் அதன் தலையில் ஒரு குட்டு வைத்து, ஒங்க தில்லை ஆயாடா அவுங்க என்றாள். சீரில் ஒரு பலா பாட்டில் குறைகிறதே என்று தேடினேன், அவள் பைக்குள் மஞ்சள் கயிறு தெரிந்தது. தேடுவதை விட்டுவிட்டேன்.

நேற்று மாலதியும் மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்தார்கள். மாலதி பையிலிருந்து ஒன்றை எடுத்து, அம்மா குடுக்கச் சொன்னுச்சு மாமி என்று கொடுத்தாள். அதே பாட்டில். பளிச்சென்று கழுவி, ஈரம் போகக் காயவைத்து, மஞ்சள் கயிற்றை அவிழ்க்காமல், கழுத்து வரைக்கும் கற்கண்டு போட்டு, மூடியை இறுக்கி அனுப்பியிருக்கிறாள். வேற என்னா சொன்னுச்சு உங்கம்மா என்று கேட்டேன். ஒண்ணும் சொல்லல மாமி, பாட்டில உடைக்காமக் கொண்டுபோன்னு நாலு தடவ சொன்னுச்சு என்றாள். உன் அப்பா பாட்டிலைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விட்டார். இதனால் நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன் என்று நினைத்துவிடாதே. ஆஸ்பத்திரி வாசலில் உன்னைச் சொன்னது அப்படியே இருக்கிறது, அதற்கு ஒரு பாட்டில் கற்கண்டு போதாது. ஆனால் யூரியா சாக்குக் கணக்கு மட்டும் தீர்ந்தது. சாயங்காலமே அந்தக் கற்கண்டில் ஒரு பிடி போட்டுப் பால் காய்ச்சி மாலதிக்கும் மாப்பிள்ளைக்கும் கொடுத்தேன்.

சரி, சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். நைட் டியூட்டி பார்த்துவிட்டு வெறும் வயிற்றோடு தூங்காதே. மாப்பிள்ளையை வண்டி மெதுவாக ஓட்டச் சொல். பாப்பாவோடு வீட்டில் தமிழில் பேசுங்கள், போன தடவை போனில் என்னிடம் அவள் பேசினது பாதி எனக்குப் புரியவில்லை. பாட்டிலைத் திறந்தபின் பிரிட்ஜில் வைத்து நாலைந்து நாளில் முடித்துவிடு, மூடி உப்பியிருந்தால் வாயில் வைக்காமல் கொட்டிவிடு, அம்மா போட்டது என்று பாசம் பார்க்காதே. லெபனான்காரம்மாவுக்கு ஒன்றைக் கட்டாயம் கொடு, பாதி ஜெயம் அவர்களுடையது. நீங்கள் மூன்று பேரும் குறைவில்லாமல், நோய்நொடி இல்லாமல், நிறைந்த வீடாக இருக்கவேண்டும் என்று நானும் அப்பாவும் மனதார ஆசீர்வதிக்கிறோம்.

ஒன்றை மறந்துவிடாதே. காலி பாட்டிலை ஆசிக்கிடம் கொடுத்தனுப்பவேண்டாம், அவை சுல்தானா வீட்டுப் பாட்டில், பத்திரமாகத் திரும்பி வரவேண்டும். ஆனி மாதத்துக்கு இப்போதே லீவு சொல்லி வைத்து நீயே கொண்டுவா. வெறும் பாட்டிலாகக் கொண்டுவரக்கூடாது என்று உனக்கு நான் சொல்லித்தரவேண்டியதில்லை. என்ன போட்டுக் கொண்டுவருவது என்றும் யோசிக்கவேண்டாம், பாப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து இறங்கு, அது போதும். ஞானாம்பாளின் கற்கண்டில் கொஞ்சம் பொட்டலம் கட்டி பாட்டில் ஓரமாகச் செருகியிருக்கிறேன். தின்று பார், அவள் வீட்டுக் கற்கண்டும் இனிக்கத்தான் செய்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
சு. தில்லையம்மாள்